சாமை இறங்குகிறது... சிப்ஸ் ஏறுகிறது!

ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறும் வண்டிகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஜவ்வாது மலையிலிருந்து கீழே இறங்கும் வண்டியில் சாமை மூட்டை இருக்கும். புளி இருக்கும். தேன் இருக்கும். பருவத்தில் பலாவும் சீத்தாப்பழமும் இருக்கும். மேலே ஏறும் வண்டியில் என்ன இருக்கிறது? ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டுகளை அடைத்த பெரிய பெரிய பைகள், பத்து ரூபாய் கலர் பாட்டில்கள், க்ரீம் பிஸ்கட் பெட்டிகள், நூடுல்ஸ் அட்டைப் பெட்டிகள்! மலைமக்கள் உழுது, விதைத்து, அறுத்த சத்தை நாம் கீழே இறக்குகிறோம். கம்பெனிக்காரன் மெஷினில் பொரித்த சக்கையை நாம் மேலே ஏற்றுகிறோம்.

'நாம்' என்று எழுதியிருப்பதைக் கவனிக்க வேண்டும். அந்த மூட்டையை வாங்கும் மண்டியிலும் நம்மவர் இருக்கிறார். இந்தப் பெட்டியை ஏற்றும் ஏஜென்சியிலும் நம்மவர் இருக்கிறார். வாணியம்பாடி, ஆலங்காயம், திருப்பத்தூர், போளூர், செங்கம் என்று மலையைச் சுற்றியுள்ள எந்தக் கடைவீதியில் நம் சமுதாய வியாபாரிகள் இல்லை? ஆகவே இது யாரோ செய்த பாவம், எங்கோ நடக்கும் கொடுமை என்று விரலை வெளியே நீட்டிவிட்டுப் போக முடியாது.

யாரையும் புண்படுத்தும் நோக்கமில்லை என்று எழுதித் தொடங்குவது வழக்கம். நாம் அப்படித் தொடங்கவில்லை. சிலருக்கு உறைக்க வேண்டும் என்றே எழுதுகிறோம்.

கழுத்துக் கறுப்பு

முதலில் மலையடிவார ஊர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளைப் பார்ப்போம். பதிமூன்று, பதினான்கு வயதில் சற்றுப் பூசினாற்போல் இருக்கும் பிள்ளையின் பின்கழுத்தைத் திருப்பிப் பாருங்கள். அழுக்குப் படிந்தது போல் ஒரு கறுப்புப் பட்டை தெரிகிறதா? தாய்மார்கள் பயத்தம் மாவு போட்டுத் தேய்க்கிறார்கள். சோப்பை மாற்றுகிறார்கள். எலுமிச்சம்பழத்தைத் தேய்க்கிறார்கள். போகாது. ஏனென்றால் அது பெரும்பாலும் அழுக்கே அல்ல. சுரக்கிற இன்சுலின் உடம்பில் சரியாக வேலை செய்யாமல் போகிறது. அதை ஈடுகட்டக் கணையம் மேலும் மேலும் சுரந்து தள்ளுகிறது. அதன் வெளி அடையாளம்தான் அந்தக் கறுப்பு. சர்க்கரை நோய் வீட்டு வாசற்படியில் வந்து செருப்பைக் கழற்றுகிறது என்று பொருள்.

பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் தவறிப் போவதும், முகத்தில் முடி முளைப்பதும் பல நேரங்களில் இதே கோளாறின் இன்னொரு முகம். 'கல்யாணமானால் சரியாகிவிடும்' என்று தள்ளிப் போடுகிறோம். கல்யாணமான பிறகு குழந்தை தங்கவில்லை என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைகிறோம்.

இது ஏதோ பணக்காரப் பட்டணத்து நோய் என்று நினைப்பவர்களுக்குச் சில கணக்குகளைச் சொல்ல வேண்டும். 2002ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், சென்னைப் பள்ளிகளில் 13 முதல் 18 வயது வரையுள்ள சுமார் 4,700 பேரை எடை போட்டுப் பார்த்தார்கள். ஆண் பிள்ளைகளில் 17.8 சதவீதமும் பெண் பிள்ளைகளில் 15.8 சதவீதமும் அளவுக்கு மிஞ்சிய எடையுடன் இருந்தனர். அன்று அது தலைநகரத்துக் கதை. பிறகு என்ன நடந்தது? மத்திய அரசின் தேசிய குடும்பநல ஆய்வையே எடுத்துக் கொள்வோம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் 2015-16ல் 30.9 சதவீதம். 2019-21ல் 40.4 சதவீதம். ஆண்களில் 28.2 சதவீதம் 37 சதவீதமாகிவிட்டது. ஐந்தே ஆண்டுகளில்! இந்த வேகத்தில் பஸ் போனால் போலீஸ்காரர் பிடித்து அபராதம் போடுவார்.

நாட்டளவில் 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளில் பத்துக்கு ஒருவர் சர்க்கரை நோயின் முந்தைய படியில் நிற்கிறார் என்று 2016-18ல் மத்திய அரசு எடுத்த ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பே சொல்கிறது. 1990ல் இந்தியாவில் 5 முதல் 19 வயதுக்குள் உடல்பருமன் நோயுற்றவர்கள் சுமார் 4 லட்சம் பேர். 2022ல் அது 1 கோடியே 25 லட்சம். 2025 செப்டம்பரில் ஐ.நா.வின் குழந்தைகள் நிதியம் ஒரு செய்தி வெளியிட்டது. உலகத்துப் பள்ளி வயதுப் பிள்ளைகளில் எடை குறைந்தவர்களைவிடப் பருமனானவர்கள் முதன்முறையாக அதிகமாகிவிட்டார்களாம். வயிறு ஒட்டிய பிள்ளைக்காகக் கஞ்சித் தொட்டி திறந்த உலகம், வயிறு பெருத்த பிள்ளையை என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கிறது.

நம்மிடம் இன்னொரு நோயும் உண்டு. பிள்ளை குண்டாக இருந்தால் நமக்குப் பெருமை! 'மாஷா அல்லாஹ், பிள்ளை நல்லா இருக்கான்' என்று கன்னத்தைக் கிள்ளுகிறோம். ஓடியாடி ஒல்லியாக இருப்பவனைப் பார்த்து 'வீட்டில் சோறு போடவில்லையா?' என்று கேட்கிறோம். அந்தக் காலத்தில் பஞ்சம் பார்த்த பாட்டி அப்படிக் கேட்டாள், நியாயம் இருந்தது. பாக்கெட்டைக் கிழித்துத் தின்று பருத்தவனைப் பார்த்து நாம் பெருமைப்படுவதற்கு என்ன நியாயம்?

'மலைப் பிள்ளை ஒல்லியாகத்தானே இருக்கிறான்?'

'கீழேதானய்யா குண்டுப் பிள்ளைகள். மலையில் எல்லாம் ஒல்லிக்குச்சியாகத்தானே இருக்கிறார்கள். அவன் ஒரு பாக்கெட் சிப்ஸ் தின்றால் என்ன கெட்டுவிடும்?' சில ஏஜென்சிக்காரர்கள் இப்படிக் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி போலத் தெரியும். விஷமான கேள்வி.

மலையில் இன்னமும் பெரிய பிரச்சினை இரத்தசோகையும் சத்துக் குறைவும்தான். யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தப் பாக்கெட் அந்தக் குறையை நிரப்புகிறதா? எண்ணெயும் உப்பும் மாவும் வயிற்றை அடைக்கின்றன. அந்த வேளைச் சாப்பாட்டின் இடத்தைப் பிடித்துக் கொள்கின்றன. இரும்புச் சத்தும் புரதமும் அந்த வேளைக்கு வராமலே போகின்றன. பசியும் போய்விட்டது, சத்தும் சேரவில்லை. பட்டினியைவிட மோசமான ஏமாற்று இது.

இதைவிடப் பெரிய ஆபத்து பின்னால் வருகிறது. எடை குறைவாகப் பிறந்து, இல்லாமையில் வளர்ந்த உடம்பு, கிடைப்பதைக் கொழுப்பாகப் பதுக்கி வைக்கப் பழகிக் கொள்கிறது. புனே நகரில் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் பல ஆண்டுகள் ஆராய்ந்து சொன்ன விஷயம் இது: நம் நாட்டுக் குழந்தை ஐரோப்பியக் குழந்தையைவிட எடை குறைவாகப் பிறக்கிறது, ஆனால் அதற்குள் கொழுப்பின் பங்கு அதிகம். பார்வைக்கு ஒல்லி, உள்ளே ஊளைச்சதை! அதனால்தான் வெள்ளைக்காரனுக்கு உடல் எடைக் குறியீடு 25 வரை சரி என்றால், நம் மருத்துவர்கள் 2009ல் கூடி நமக்கு 23 தாண்டினாலே அதிக எடை என்று கோட்டைக் கீழே இறக்கினார்கள். இன்று ஒல்லியாக இருக்கும் மலைப் பிள்ளைக்குத் தினம் இரண்டு பாக்கெட்டும் ஒரு கலர் பாட்டிலும் பழக்கிவிட்டால், முப்பது வயதில் சர்க்கரை நோயோடு மருத்துவமனை வரிசையில் நிற்பதற்கு அவன்தான் முதல் ஆள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1991-94லும் மீண்டும் 2010-12லும் வேலூர் நகரையும் பக்கத்துக் கிராமங்களையும் ஆராய்ந்தார்கள். நகரத்தை விடுங்கள். கிராமங்களில் பருமனும் சர்க்கரை நோயும் வெகுவாக ஏறியிருந்தன. நகரத்து நோய் கிராமத்துக்கு வர இருபது வருடம்கூட ஆகவில்லை. மலை ஏற எத்தனை நாளாகும்? அதுதான் நாமே வண்டி வைத்து ஏற்றுகிறோமே!

சாமையின் கதை அதைவிட வேதனை. ஜவ்வாது மலைக் குடிகளின் சோறு அது. நார்ச்சத்து மிகுந்தது, மெல்லச் செரிப்பது, சர்க்கரையை மெல்ல ஏற்றுவது. அதை விற்றுவிட்டு ரேஷன் அரிசி தின்னும் நிலைக்கு அவர்கள் தள்ளப்பட்டிருக்கிறார்கள். ரேஷன் அரிசி 2011 ஜூனிலிருந்து இலவசம். இலவச அரிசியைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல. பசித்தவனுக்கு அது உயிர். ஆனால் இலவசமாக வரும் வெள்ளை அரிசிக்கு எதிரே, உரலில் குத்திப் புடைத்து எடுக்க வேண்டிய சாமை எப்படி நிற்கும்? 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடினார்கள். சென்னைக் கடைகளில் சாமை அழகான பாக்கெட்டில் ஏறியது, விலையும் ஏறியது. அந்தச் சாமையையும் வெள்ளைவெளேரென்று தீட்டி, மேல்தவிட்டை உரித்து, அதன் உயிரைப் பாதி எடுத்துவிட்டுத்தான் விற்கிறார்கள்! வாங்குகிறவர் வெள்ளையாகக் கேட்கிறார், விற்கிறவர் கொடுக்கிறார்.

ஜனவரியில் ஒரு பேச்சு, செப்டம்பரில் ஒரு பேச்சு

ஆட்சியாளர்கள் என்ன செய்கிறார்கள்? உபதேசம் செய்கிறார்கள்!

2025 ஜனவரியில் பிரதமர் டேராடூனில் தேசிய விளையாட்டுப் போட்டியைத் தொடங்கி வைத்துப் பேசும்போது உடல்பருமனைப் பற்றிக் கவலைப்பட்டார். வீட்டில் எண்ணெயை 10 சதவீதம் குறையுங்கள் என்றார். அதே மாதக் கடைசியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட பொருளாதார ஆய்வறிக்கை இன்னும் வெளிப்படையாகப் பேசியது. கம்பெனிகள் மிகையாகப் பதப்படுத்தி விற்கும் பாக்கெட் தீனியின் விற்பனை இந்தியாவில் 2006ல் 90 கோடி டாலர், 2019ல் 3,790 கோடி டாலர் என்று கணக்குக் காட்டியது. இவற்றின்மீது கூடுதல் வரி போடலாம், பாக்கெட்டின் முன்பக்கம் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்றும் யோசனை சொன்னது. நல்லது, நமக்கும் மகிழ்ச்சி.

செப்டம்பர் 22 வந்தது. ஜி.எஸ்.டி. மாற்றம் வந்தது. பிஸ்கட்டுக்கும் சாக்லேட்டுக்கும் 18 சதவீதமாக இருந்த வரி 5 சதவீதமானது. நூடுல்ஸ், மிக்சர் வகைகளுக்கு 12 சதவீதம் 5 ஆனது. பழச்சாறு என்ற பெயரில் பாட்டிலில் வரும் இனிப்புத் தண்ணீருக்கும் 12 சதவீதம் 5 ஆனது. கோலா போன்ற காஸ் பானங்களுக்கு மட்டும் 40 சதவீதம். அதுவும் புதிதல்ல, 28ம் 12ம் சேர்ந்து முன்பே 40தான். ஜனவரியில் நோய் என்று கண்டுபிடித்ததைச் செப்டம்பரில் மலிவாக்கிக் கொடுத்திருக்கிறார்கள்! ஏழைத் தாய் தாளிக்கும் எண்ணெயில் ஒரு கரண்டியைக் குறைக்க வேண்டுமாம். கம்பெனி பொரிக்கும் கொப்பரையில் யாரும் கை வைக்க மாட்டார்களாம். இந்த நியாயம் நமக்குப் புரியவில்லை.

மற்ற நாடுகள் கை கட்டிக்கொண்டு நிற்கவில்லை. மெக்சிகோ 2014 ஜனவரியிலேயே சர்க்கரைப் பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டது. சிலி 2016 ஜூனில் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிஞ்சிய பாக்கெட்டுகளின் நெற்றியில் கறுப்பு எண்கோண முத்திரை குத்த வைத்தது, அவற்றைப் பள்ளிக்கூடத்துக்குள் விற்கவும் தடை விதித்தது. பிரிட்டனில் 2018 ஏப்ரலில் சர்க்கரை வரி அமலாகும் முன்பே பல கம்பெனிகள் தாமாகச் சர்க்கரையைக் குறைத்துக் கொண்டன. நம் பக்கத்துக் கேரளம்கூட 2016ல் பர்கர், பீட்சா விற்கும் பெரிய கம்பெனிக் கடைகளுக்கு 14.5 சதவீதக் கொழுப்பு வரி போட்டது. மறு வருடம் ஜி.எஸ்.டி. வந்து அதை விழுங்கிவிட்டது. இங்கே பாக்கெட்டின் முன்பக்கம் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்ற விஷயத்தில், மூன்று மாதத்துக்குள் யோசனையைத் தாருங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் உத்தரவிட்டது. கெடு முடிந்தபோது மேலும் அவகாசம் வாங்கினார்கள். இவர்கள் அவகாசம் வாங்கும் நேரத்தில் ஒரு பிள்ளை பத்து வயதிலிருந்து பதினைந்து வயதுக்குப் போய்விடுவான்.

அரசைத் திட்டி முடித்தாயிற்று. இனி நம் கடைக்குள் போவோம்.

பெயர் மாறியது, சர்க்கரை மாறவில்லை

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூடு ஆறுமுன், மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று தமிழ்நாட்டு வணிகர் அமைப்புகள் முடிவெடுத்தன. வறட்சியில் ஊர் தவிக்க, ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சுகிறார்கள் என்ற கோபம். பிறகு 2023 அக்டோபருக்குப் பின் காஸாவில் குழந்தைகள் கொல்லப்பட்டபோது, நம் ஊர்க் கடைகள் பலவற்றிலிருந்து அதே பாட்டில்கள் மீண்டும் வெளியேறின. இளைஞர்கள் கேட்டார்கள், கடைக்காரர்கள் கேட்டதைச் செய்தார்கள். அந்த முடிவுகளின் நியாயத்தை இங்கே யாரும் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் சகோதரர்களே, காலியான அந்த ஃபிரிட்ஜில் மறுநாள் என்ன வந்து உட்கார்ந்தது? மோர் வந்ததா? பதநீர் வந்ததா? எலுமிச்சைச் சாறாவது வந்ததா? வேறு பெயரில், வேறு கலரில், அதே காஸ், அதே சர்க்கரைத் தண்ணீர் வந்து உட்கார்ந்தது! பத்து ரூபாய்க்கே கிடைப்பதால் முன்பு ஒன்று குடித்தவன் இப்போது இரண்டு குடிக்கிறான். இத்தகைய பானம் 300 மில்லியில் பெரும்பாலும் 30 கிராமுக்குக் குறையாத சர்க்கரை இருக்கும். ஒருவர் ஒரு நாளைக்கு 25 கிராமோடு நிறுத்திக் கொள்வதே நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015ல் சொன்னது. அதாவது ஒரே பாட்டிலில் அன்றைய கணக்கு முடிந்து கடனும் ஏறிவிட்டது. உள்நாட்டுச் சர்க்கரை என்பதால் கணையம் அதற்குத் தள்ளுபடி தருமா? எதிரியின் பாட்டிலை உடைத்தோம், உள்ளே இருந்ததைப் புதுப் பாட்டிலில் ஊற்றிக் குடித்தோம். கம்பெனிக்காரன் தோற்றான், சரி. நம் பிள்ளையின் உடம்பு எங்கே ஜெயித்தது?

உணவகம் நடத்தும் இளைஞர்களுக்கும் இது பொருந்தும். 1995ல் பெங்களூரில் கென்டக்கி கோழிக்கடை திறந்தபோது கர்நாடக விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். இன்று அந்தக் கடை வராத சிற்றூரிலும் அதே பாணி ஃபிரைட் சிக்கனும், மயோனைஸ் வழியும் ஷவர்மாவும் நம் பிள்ளைகள் கையாலேயே தயாராகின்றன. பச்சை முட்டை மயோனைஸைத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தது, கிருமிக்காக. அந்த வெள்ளைக் குழம்பில் பாதிக்கு மேல் வெறும் எண்ணெய் என்பது யார் கண்ணிலும் படவில்லை. பொருள் ஹலாலா என்று கேட்கிறோம். நல்லது. ஹலாலான பொருளையே உடம்பு கெடும் அளவுக்கு ஊட்டலாமா என்று கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. விரயமும் மிகை உணவும் கூடாதென்று நமக்குச் சொல்லப்பட்டது பள்ளிவாசல் சுவரில் எழுதி வைப்பதற்காக மட்டும்தானா?

வியாபாரப் பெருமக்கள் சொல்லும் பதில் நமக்குத் தெரியும். 'நான் விற்காவிட்டால் எதிர்க்கடைக்காரன் விற்பான்.' 'ஃபிரிட்ஜ் கம்பெனி கொடுத்தது, அவன் சரக்கைத்தான் வைக்க வேண்டும்.' 'பத்துப் பெட்டி எடுத்தால் ஒரு பெட்டி ஸ்கீம்.' இதில் பொய் எதுவும் இல்லை. சில்லறைக் கடைக்காரரின் கல்லாவுக்குள் எட்டிப் பார்த்தால் அவர் நிலைமையும் பரிதாபம்தான். பெரிய மால்காரன் ஒரு பக்கம், போனில் அழுத்தினால் வீட்டுக்கே வரும் சரக்கு ஒரு பக்கம். வாசலில் சரம் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய் பாக்கெட்டுதான் அன்றாடம் கை சலிக்காமல் ஓடுகிறது.

ஆனாலும் கேட்கிறோம். 2017ல் எதிர்க்கடைக்காரரும் சேர்ந்துதானே நிறுத்தினார்? 2023ல் கம்பெனி ஃபிரிட்ஜைத் திருப்பி அனுப்பியவர்கள் இல்லையா? அதனால் எந்தக் கடை மூடப்பட்டது? எவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை? தூரத்துப் பிள்ளைக்காக ஒரு சரக்கை நிறுத்த முடிந்த நம்மால், சொந்தத் தெருப் பிள்ளைக்காக நிறுத்த முடியாது என்றால் அதை இயலாமை என்று எப்படி ஒப்புக்கொள்வது?

காவலூரில் 1986ல் வைத்த பெரிய தொலைநோக்கி எங்கோ இருக்கும் விண்மீன்களையெல்லாம் பார்க்கிறது. பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடையில் என்ன தொங்குகிறது என்று பார்க்கத் தொலைநோக்கி தேவையில்லை. சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. உணவுப் பாதுகாப்புத் தர ஆணையம் 2020 செப்டம்பரில் வெளியிட்ட விதிப்படி, பள்ளிக்குள்ளும், பள்ளி வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும், கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தீனியைப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது, விளம்பரம்கூடச் செய்யக் கூடாது. எத்தனை கடைக்காரருக்கு இது தெரியும்? எந்த அதிகாரி வந்து சொன்னார்? தேதி தாண்டிய பாக்கெட்டுக்கு அபராதம் போட வருபவர்கள் இந்த விதிப் புத்தகத்தை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள்.

வீட்டுக்குள்

பெற்றோரை விட்டுவிட்டால் கடைக்காரர்கள் நம்மை ஓரவஞ்சனைக்காரர் என்பார்கள். பள்ளிவாசல் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. பிள்ளை பைக்கில் போகிறான். இரவு ஒரு மணி வரை மொபைல், காலையில் எழுந்தால் சாப்பிட நேரமில்லை, பள்ளி இடைவேளையில் பாக்கெட். இந்தியாவில் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்கூட உடம்பை அசைப்பதில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நோன்பு மாதத்தில் எடை குறைய வேண்டும். நம்மில் பலருக்குக் கூடுகிறது! அரிசியும் பருப்பும் வெந்தயமும் போட்டுக் காய்ச்சும் நோன்புக் கஞ்சி ஒரு ஓரத்தில் ஆறுகிறது. சமோசாவும் பஜ்ஜியும் ரோஸ்மில்க்கும் நடுவில் உட்கார்ந்திருக்கின்றன. தராவீஹ் முடிந்தால் இரவுக் கடை வேறு. கல்யாண வீட்டுப் பிரியாணியோடு பாட்டில் குளிர்பானம் எப்போது சுன்னத்தைப் போல ஒட்டிக் கொண்டது என்று யாராவது விசாரித்தால் தேவலை.

பிரியாணியைச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா என்று அறிவித்தார்கள். மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியது, மழையைக் காரணம் காட்டி விழாவைத் தள்ளி வைத்தார்கள். தட்டில் எந்த இறைச்சி என்பதை அரசு தீர்மானிக்கக் கூடாது என்ற வாதம் முழுக்க நியாயமானது. அந்த உரிமைக்கு எழும்பிய குரலில் கால்வாசி, பிரியாணி தின்ற பிள்ளை ஓடி விளையாட இந்த ஊர்களில் மைதானம் எங்கே என்று கேட்கவும் எழும்பியிருக்கலாம்.

மைதானம் ஆண் பிள்ளைக்காவது தெருவோரத்தில் கிடைத்துவிடுகிறது. பெண் பிள்ளைக்கு? வயதுக்கு வந்த நாளோடு அவள் ஓட்டம் முடிந்தது. பள்ளி, வீடு, டியூஷன், மொபைல். அவள் பருத்தால் 'யார் கட்டிக் கொள்வார்கள்' என்று குத்துகிறோம். அவள் ஓடுவதற்கு ஒரு இடம் கொடுத்தோமா? 2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்தச் சட்டம் வந்தபோது நம் சொத்து பறிபோகிறது என்று வீதிக்கு வந்தோம். வர வேண்டியதுதான். கருவேலம் மண்டிக் கிடக்கும் வக்ஃப் மனைகளில் ஒன்றையாவது, வக்ஃப் செய்தவரின் நோக்கத்துக்கு முரணில்லாமல், சுற்றுச் சுவர் எழுப்பிக் காலையில் பெண் பிள்ளைகளுக்கும் மாலையில் ஆண் பிள்ளைகளுக்கும் விளையாடத் திறந்து விட்டால் எந்த முத்தவல்லிக்கு என்ன நஷ்டம்?

அரசிடம் கேட்க வேண்டியதும் பெரிதல்ல. 2023ல் தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக் கொள்ளலாம் என்று திட்டம் வந்தது. ஜவ்வாது மலையில் விளையும் சாமையை நல்ல விலைக்கு அரசே வாங்கி, தவிடு நீக்காமல் அரைத்து, ஜமுனாமரத்தூர் ரேஷன் கடையிலும் பள்ளி மதிய உணவிலும் போடட்டும். அங்கே மலை விவசாயிகளே உற்பத்தியாளர் நிறுவனம் நடத்துகிறார்கள், யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கீழே இருக்கும் நம் மண்டிக்காரர்கள் அந்தச் சாமையை வெறும் மூட்டையாகச் சென்னைக்கு ஏற்றி விடாமல், சொந்தக் கடையில் அரைக் கிலோ, கால் கிலோ பொட்டலமாக, ஐந்து ரூபாய் பாக்கெட் தொங்கும் அதே கண்பார்வை உயரத்தில் வைத்துப் பார்க்கட்டும். தீட்டாத சாமையில் எறும்பும் வண்டும் சீக்கிரம் ஏறும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சீக்கிரம் விற்க வேண்டும். அது வியாபாரிக்குத் தெரியாத வித்தையா என்ன?

முதல் வேலையாக, ஆலங்காயம், வாணியம்பாடி, திருப்பத்தூர், போளூர் வியாபாரிகள் தத்தம் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் 50 மீட்டர் விஷயத்தை மட்டும் ஒரு பொருளாக வைக்கட்டும். எல்லாக் கடையும் ஒரே நாளில், ஒரே தீர்மானத்தில். ஒருவரும் தனியாக நஷ்டப்பட வேண்டாம். ஜமாஅத்தார் ஜும்ஆவில் அந்தத் தேதியை அறிவிக்கட்டும். எந்தப் பள்ளிக்கூட வாசலிலிருந்து எந்தக் கடை வரை என்று கடைக்காரருக்குச் சந்தேகம் வந்தால், டேப் எடுத்துக் கொண்டு வந்து அளந்து காட்ட நம் இளைஞர்கள் தயாராக இருக்க வேண்டும்.